ஆடி மாத வீட்டுப்பாடம்

“ஏட்டி வள்ளி, வீட்டுப்பாடம் ஒனக்கா, ஒங்க அக்காளுக்கா?”

மருதப்பன் கேட்டதில் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படிக்கிற சின்ன மகள் வள்ளித்தாய் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வறுத்த கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடிக்குப் பிறந்த வீடு வந்திருந்த மூத்தவள் கோமதித்தாய்தான், தங்கையின் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானத்திலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்காதான் போட்டுத் தாரேன்னு சொன்னா” என்றாள் வள்ளி, கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

“அது என்ன பொல்லாத கணக்கு?”

“திரிகோணமிதிப்பா. ரெண்டு காஸ் ஸ்கொயர் தீட்டா, கூட்டல் மூணு ஸைன் தீட்டா, சமம் மூணு. தொண்ணூறு டிகிரி வரைக்கும் தீட்டா எத்தனைன்னு கண்டுபிடிக்கணும்.”

மருதப்பனுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பருத்தி வியாபாரிக்குத் தெரிந்ததெல்லாம் எடைக் கணக்கு மட்டும்தான். ஆனால் இந்தக் கணக்கைக் கொடுத்தவர் யாரென்று நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கணக்குச் சார் சுயம்புலிங்கம் வேறு யாருமில்லை, வைகாசியில் கோமதியின் கழுத்தில் தாலி கட்டிய மாப்பிள்ளைதான்.

ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. இருந்தாலும் ஆடி முடிகிறவரை புது மாப்பிள்ளை மாமனார் வாசலை மிதிக்கக் கூடாது அல்லவா? அவரும் மிதிக்கவில்லை. அவர் கொடுக்கிற வீட்டுப்பாடம் மட்டும் ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

“கொழுந்தியான்னு ஒரு எரக்கம் வேண்டாமா அந்த மனுசனுக்கு?”

“அவுகளை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா!” கோமதி வெடுக்கென்று நிமிர்ந்தாள். “நாளைக்கு மொதப் பீரியட்ல இன்ஸ்பெக்டர் வந்து ஒக்காருதாராம். இந்தக் கணக்குதான் நடக்கப் போகுது. போர்டுல ஒரு வரி தப்பினாலும் மானம் போயிரும்.”

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை மேல் இவ்வளவு பாசமா என்று மருதப்பனுக்கு மனசு இளகியது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாலும் அந்தக் கண்கள் இப்படிக் கலங்கின. பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் முதல் மார்க் வாங்கிய கையோடு, திருநெல்வேலிக்குக் காலேஜுக்கு அனுப்புங்கள் என்று கேட்டாள். “பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டுக் கணக்கு போதும்” என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அவள், புருஷன் வீட்டுக்குப் போகும்போது சீர்ப் பாத்திரங்களுக்கு அடியில் கணக்குப் புத்தகங்களை வைத்து எடுத்துப் போனாள். அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்த மருதப்பனுக்கு இன்றைக்கு நினைத்தால் கஷ்டமாக இருந்தது.

தானே அடுப்படிக்குப் போய்க் கருப்பட்டிக் காப்பி எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போனது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கோமதி துள்ளி எழுந்தாள்.

“வந்துட்டு! ஏட்டி, இங்கன வந்து பாரு. ஸைனும் காஸும் ஒரே வீட்டுல இருந்தா இந்தக் கணக்கு ஓடாது. காஸ் ஸ்கொயரைத் தூக்கிட்டு, ஒண்ணுல ஸைன் ஸ்கொயரைக் கழிச்சு அங்கன போடணும். அப்புறம் ஸைன் மட்டுந்தான் மிஞ்சும்.”

“ஆடிக்கு ஒன்னையும் அத்தானையும் பிரிச்சு வச்ச மாதிரியா?”

“வாயை மூடுட்டி!” கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விடை ரெண்டு வரும். முப்பது டிகிரி, தொண்ணூறு டிகிரி. முப்பதோட நிறுத்திரக் கூடாது.”

ஒவ்வொரு படியையும் தனித்தனி வரியாக, அச்சடித்தது போல எழுதினாள். ஓரத்தில் பொடி எழுத்தில் வேறு என்னென்னவோ எழுதினாள். வள்ளி எட்டிக்கூடப் பார்க்காமல் அடுத்த கடலையை உரித்தாள்.

மறுநாள் காலையில் மருதப்பன் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நானே கொண்டுபோய்க் குடுத்து, மாப்பிளகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாரேன்.”

“ஐயையோ, நீங்க வேண்டாம்ப்பா! வள்ளி கொண்டு போவா!”

கோமதி ஓடிவருவதற்குள் அவர் தெருவில் இறங்கியிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. வழிமேல் விழி வைத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார் சுயம்புலிங்கம். கையில் ஒரு துண்டு சாக்பீஸ். மாமனாரைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

“கோவிச்சுக்கிடாதீங்க மாப்ளே. வள்ளி சின்னப் பிள்ளை. இம்புட்டுக் கஷ்டமான கணக்கெல்லாம் அவளுக்குக் குடுத்தா எப்படி? நேத்துப் பூரா மூத்தவ காப்பித் தண்ணிகூடக் குடிக்கல. கொஞ்சம் பாத்து…”

மாப்பிள்ளை காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. நோட்டை வாங்கிப் பரபரவென்று புரட்டி, ஓரத்துப் பொடி எழுத்தை உதடு அசையப் படித்தார். மருதப்பனின் கண்ணும் அங்கே போயிற்று. மகளின் எழுத்து.

‘இந்த இடத்தில் நிறுத்தி, கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று கேளுங்கள். பயப்படாதீர்கள். நான் இங்கே அம்மனை வேண்டிக்கொண்டிருப்பேன்.’

சுயம்புலிங்கம் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நான் படிச்சது சரித்திரம் மாமா. கணக்கு வாத்தியார் மாத்தலாகிப் போனதும் என் தலையில கட்டிட்டாக. பள்ளிக்கூடம் தொறந்த நாள்லேருந்து ஆறாம் பாரத்துக்குக் கணக்கு நடத்துறது ஒங்க மகதான். நான் சாக்பீஸ் பிடிக்கதோட சரி.”