தண்ணீர் செட் ஆகவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர் வண்ண மீன் கடை எட்வின், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் புதுத் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பினான்.

"ஒரு மாசம் ஃபில்டர் மட்டும் ஓடட்டும் அண்ணாச்சி. தண்ணி மீனுக்குத் தோதா செட் ஆன பொறவுதான் மீன்."

அதுவரை சாயங்காலமானால் ஆளுக்கொரு போனோடு இருந்த நானும் செல்வலட்சுமியும் தொட்டி முன்னால் உட்கார்ந்தோம். பார்க்க மீன் இல்லாததால் வேறு வழியின்றிப் பேசினோம். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் என் பேச்சுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"வெறுங் கூழாங்கல்ல எம்புட்டு நேரந்தான் பாக்க? மீன் எப்பங்க வரும்?" என்று மட்டும் தினமும் கேட்பாள்.

மாதம் முடிந்ததும் எட்வின் வந்து தண்ணீரைச் சோதித்தான். "செட் ஆகல. இன்னும் ஒரு மாசம் ஆகும்."

அந்த மாதமும் முடியப்போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மீன் வந்தால் அவள் என்னோடு பேசுவாளா, மீனைப் பார்ப்பாளா? கடைக்கே போனேன்.

"ஏலே எட்வின், இந்தத் தடவையும் செட் ஆகலன்னு ஒம் மதினிட்ட சொல்லிருலே."

எட்வின் தலையைச் சொறிந்தான். "தண்ணி போன மாசமே செட் ஆயிட்டு அண்ணாச்சி. மதினிதான் போன் போட்டு, ஆகலன்னு சொல்லச் சொன்னாவ."

சாயங்காலம் செல்வலட்சுமி கேட்டாள், "மீன் எப்பங்க வரும்?"

"தண்ணி இன்னும் செட் ஆகலையாம்."

"என்ன தண்ணியோ!" என்று சலித்துக்கொண்டே என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.