ரங்கூனுக்கு ஒரு மேசை

அரிமளத்து வீட்டு முற்றத்தில் பலகை மேல் ஆதப்பன், அவன் முதுகுக்குப் பின்னால் முக்காலியில் வைத்தியர் குழந்தைசாமி, எதிரே தரையில் காகிதமும் பேனாவுமாக அவன் மனைவி சாலா. பக்கத்தில் இரண்டு கவளம் மட்டும் குறைந்த சோற்று இலை. நாற்பது நாளாக ஓமத் தண்ணீரும் இஞ்சிக் கஷாயமும் காய்ச்சிச் சலித்துவிட்டாள் சாலா. “கோளாறு வயித்துல இல்ல ஆச்சி,” என்று வைத்தியர் நல்லெண்ணெய் தொட்ட கட்டைவிரலால் அவன் பிடரியை அழுத்துகிறார். “மூணு வருசமா ரங்கூன் கடையில தரையில உக்காந்து, பெட்டி மேல குனிஞ்சே எழுதியிருக்காரு. இங்கிட்டு சதை கயிறா முறுக்கிக் கெடக்கு. நரம்பு நெரிஞ்சு செரிமானம் கெட்டிருக்கும்னு தோணுது. இனிமே குனியாதீங்க செட்டியாரே.” ஆதப்பன் முனகிக்கொண்டே எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொல்கிறான்: “முதலாளிக்கு எழுது. சொகமாயிட்டேன், அடுத்த கப்பல்ல வாரேன்.”

“மேசை நாற்காலி கேட்டு எழுதட்டுமா?”

“முதலாளிக்கே மேசை கிடையாது! சொன்னத மட்டும் எழுது.”

“மறுபடியும் குனியப் போறீங்க. அங்க ஒங்க முதலாளியா கஷாயம் காச்சுவாரு?”

பேனா காகிதத்தில் கீறிக்கொண்டே போகிறது. “ஒரு வரிக்கு இம்புட்டு நேரமா?” என்று அவன் எட்டிப் பார்க்கக் குனிகிறான், வைத்தியர் மோவாயைப் பிடித்து நிமிர்த்துகிறார். சாலா தாளை மடித்து உறையிலிட்டு, அவன் தின்னாத சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி ஒட்டி, வாசலில் காத்து நிற்கும் தபால்காரர் அடைக்கலத்திடம் நீட்டுகிறாள்.