முன் பெட்டி

லுப்லியானா நகரத்தைச் சுற்றிப் பார்க்கத் தனியாக ரயிலேறியிருந்தாள் வீப்கே. எதிரே இருந்த தாடிக்காரன் அவள் கையிலிருந்த பயணச்சீட்டை எட்டிப் பார்த்ததுமே அவள் அதைப் பைக்குள் திணித்தாள். இயர்போனை மாட்டிக்கொண்டு தோழியை அழைத்தாள்.

"ஆன்யே, ஒருத்தன் என்னையே பாக்குறான்டி. பயமா இருக்கு."

"எது பேசினாலும் காதுல வாங்காத. பையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

ஃபில்லாக் நிலையத்தில் வண்டி நின்றது. தாடிக்காரன் எழுந்து ஏதோ சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோளைத் தட்டினான்.

"கையை எடுடா!"

சட்டென்று அவள் பையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ஓடினான்.

பாஸ்போர்ட்டே அதில்தான் இருந்தது. "திருடன்! பிடிங்க!" என்று அலறிக்கொண்டே துரத்தினாள். பெண் கத்தினால் நின்று வேடிக்கை பார்க்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு. பிடிக்கத்தான் ஒருத்தனும் இல்லை.

அவன் முன் பெட்டிக்குள் பாய்ந்தான். அவளும் பாய்ந்தாள். கதவு மூடிக்கொண்டது, வண்டி நகர்ந்தது. இவனிடம் தனியாக மாட்டிக்கொண்டோமே என்று அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அவன் பையை அவள் காலடியில் வைத்தான்.

"காதை அடைச்சுக்கிட்டா அறிவிப்பு எப்படிம்மா கேக்கும்? இங்க வண்டியை ரெண்டாப் பிரிப்பாங்க. லுப்லியானாவுக்கு இந்த முன் பெட்டிங்கதான் போகும்."

ஜன்னலுக்கு வெளியே, அவள் உட்கார்ந்திருந்த பெட்டி நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க... நீங்களும் லுப்லியானாதானா?"

மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான் அவன்.

"இல்லம்மா. நான் அந்தப் பெட்டியில போகவேண்டியவன்."