விளக்கு வைத்தால் போன் இல்லை

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது அனந்தநாதன் வீட்டு வழக்கம். சமணக் குடும்பம். விளக்கு வைத்த பிறகு ஒரு பருக்கை உள்ளே போகாது.

இந்த வருஷம் ஜினாலயத்தில் புதுசாக ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு உள்ள கட்டுப்பாடு இனிமேல் போனுக்கும். வெயில் இறங்கியதும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். செஞ்சி பஜாரில் மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் நடத்துகிற மனுஷர் போனை விடுவது சும்மா காரியமா? ஊரே மெச்சியது.

அவருக்கு வேண்டியது அந்த மெச்சல் இல்லை. தொண்டூரில் குடித்தனம் வைத்த புதுசில், சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும். அப்புறம் தூக்கம் வரும்வரை அவருக்கும் மனைவி தர்மவதிக்கும் பேச்சுதான். என்ன பேசினார்களோ, விடிந்தால் ஒன்றும் ஞாபகம் இருக்காது. அந்தச் சாயங்காலங்கள் திரும்ப வரணும். அவ்வளவுதான் ஆசை.

எங்கே வந்தது? அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், தர்மவதி தன் போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறாள்.

"இப்டி வந்து உக்காரேன், தர்மவதி."

"தோ வரேங்க."

வரமாட்டாள். அன்றைக்கு அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் விட்டதை நீ பிடிச்சுக்கிட்டியா? அப்டி இன்னாதான் இருக்குது அதுல?" என்று பின்னாடியே போனார்.

அவள் மண்டி ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரு விரதத்துல இருக்காரு, கலியபெருமாள். என்கிட்ட சொல்லு. வல்லத்து லோடா? மழ வர மாதிரி இருக்குது, மூட்டைய உள்ள அடுக்கிடு. ஆளுங்களுக்கு டிபன் வாங்கிக் குடு."

அனந்தநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. போனைப் பூட்டினாரே தவிர, மண்டியை யார் பார்ப்பார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தாரா?

"தினமும் நீதான் பேசுறியா?"

"வேற யாரு? லோடு வர்ற நேரமே இதுதானே."

"சொல்லியிருந்தா விரதத்த விட்டிருப்பேனே."

"அதனாலதான் சொல்லல."

"ஏன், உனக்கு அந்தக் காலம் மாதிரி பேசிட்டிருக்க ஆசை இல்லையா?"

"இல்லாமயா?"

அதற்குள் போன் மறுபடி அடித்தது. எடுப்பதற்கு முன்னால் தர்மவதி சொன்னாள்:

"ரெண்டு பேரும் விட முடியாதுங்க. நம்மள்ல ஒருத்தராவது அந்தக் காலத்துல உக்காந்திருக்கட்டுமேன்னுதான்."