யானைக்குட்டிப் பரீட்சை

"முதல்ல காபியைக் குடிச்சு முடியுங்கோ. கையை நன்னாத் துடைச்சுக்கோங்கோ. அப்புறம்தான் பரீட்சை," என்றார் யக்ஞநாராயணன்.

பெண் பார்க்க வந்திருந்த மாதவ் பவ்யமாகத் தலையாட்டினான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேசரி, போண்டா, காபி எல்லாம் மைசூரில் எந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனாலும் கிடைக்கும். பரீட்சை இந்த வீட்டில் மட்டும்தான்.

யக்ஞநாராயணன் ரயில்வே ஆபீசில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கார்ட்டூன் சினிமா என்றால் அவருக்கு உயிர். கம்ப்யூட்டர் வராத காலத்தில் ஒவ்வொரு அசைவையும் கண்ணாடி போன்ற ஷீட்டில் கையால் வரைந்து, வண்ணம் தீட்டிப் படம் பிடித்தார்களே, அந்த ஒரிஜினல் ஷீட்டுகளைத் தேடித் தேடி வாங்குவார். ஹால் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட இடம் பாக்கி இல்லை. தனக்குப் பிறகு இதையெல்லாம் கட்டிக் காப்பாற்றத் தெரிந்தவன்தான் மாப்பிள்ளை என்று அவர் ஒரே பிடியாக நின்றதில், ஒரே மகள் சுஷ்மாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவருடைய மனைவி சீதாலக்ஷ்மிக்குத் தூக்கமே போய்விட்டது.

மேஜைமேல் இரண்டு ஷீட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டிலும் குடை பிடித்த அதே யானைக்குட்டி.

"ஒண்ணு ஒரிஜினல், ஒண்ணு டூப்ளிகேட். எது எதுன்னு நீங்கதான் சொல்லணும். போன மாசம் தீபக்னு ஒருத்தர் வந்தார். பெங்களூர்ல பெரிய உத்தியோகம். தப்பாச் சொன்னார், கை குலுக்கி அனுப்பிட்டேன்."

"ஏன்னா, ஜாதகம் இவ்வளவு நன்னாப் பொருந்தியிருக்கே, அது போறாதா?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"ஜாதகமா வந்து என் படத்துக்குத் தூசி தட்டும்? நீ சும்மா இரு."

மாதவ் இரண்டு ஷீட்டுகளையும் ஓரத்தில் மட்டும் விரல் வைத்துத் தூக்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். புரட்டிப் பார்த்தான். ஒன்று பளிச்சென்று சுத்தமாக இருந்தது. இன்னொன்றின் பின்பக்கம் வண்ணம் மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கீழ் ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள் வேறு.

எதிரே மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவையில் சுஷ்மா உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை இருமினாள். வளையலைக் குலுக்கினாள். அவன் நிமிரவே இல்லை.

"ஓட்டை இல்லாததுதான் ஒரிஜினல், மாமா," என்றான் கடைசியில்.

யக்ஞநாராயணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "காரணம்?"

"இன்னொண்ணை யாரோ பஞ்ச் பண்ணி ஆபீஸ் ஃபைல்ல கோத்து வெச்சிருக்கா. இவ்வளவு கஷ்டப்பட்டு வரைஞ்ச படத்துல எந்த ஸ்டூடியோவாவது ஓட்டை போடுமா?"

யக்ஞநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதவின் அப்பா பக்கம் திரும்பினார்.

"கேட்டேளா ஸ்வாமி? இதைத்தான் நான் தலையால அடிச்சுக்கறேன். காலம் பூரா ஃபைல் பார்த்தவனுக்கு ஃபைல் ஓட்டை தெரியாதா? மண்டி மொஹல்லால ஒரு பழைய சாமான் கடைக்காரன், ஒரிஜினல்னு சத்தியம் பண்ணி இதை என் தலைல கட்டிட்டான். அப்புறம் பாம்பேலேர்ந்து நல்லதா இன்னொண்ணு வரவழைச்சேன். இந்த வரனை விடப்போறதில்லை."

"பேடாப்பா," என்றாள் சுஷ்மா. கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். "வந்ததுலேர்ந்து இவர் யானையைத்தான் பார்த்துண்டிருக்கார். என்னை ஒரு தடவை கூடப் பார்க்கலை. எனக்கு இந்த வரன் வேண்டாம்."

"யானையையே இப்படிப் பார்த்துக்கறவர் உன்னைப் பார்த்துக்க மாட்டாரா? அப்பாக்காக ஒத்துக்கோம்மா."

"யோசிக்கணும்."

"யோசிச்சு யோசிச்சு எனக்கு வயசாயிடுத்து. சரின்னு சொல்லும்மா."

அவர் அவள் பின்னாலேயே சமையலறை வரை போய்க் கெஞ்சினார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, "சரி, உங்களுக்காக," என்றாள். சீதாலக்ஷ்மி சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள்.

சந்தோஷத்தில் யக்ஞநாராயணன் இன்னொரு டம்ளர் காபி குடித்தார். டம்ளரை ஓட்டைப் படத்தின்மேல் வைக்கப் போனார். மாதவ் சட்டென்று படத்தை எடுத்துக்கொண்டான்.

"மாமா, இது உங்களுக்கு வேண்டாம்னா நான் எடுத்துக்கட்டுமா? பரீட்சைல பாஸானதுக்கு ஒரு ஞாபகமா இருக்கட்டும்."

"தாராளமா. மாப்பிள்ளை கிடைச்சாச்சு, இனிமே எனக்கு அது எதுக்கு?" என்று அவரே பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

கார் தெருமுனை திரும்பியதும் சுஷ்மா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

"மாது, அதை மடியிலேயே வெச்சுண்டு போடா, வெயில் படப்படாது," என்றாள் குரலைத் தாழ்த்தி. "கேமராவுக்கு அடியில ஷீட் நகராம மாட்டறதுக்கு ஸ்டூடியோலயே போடற ஓட்டை, ஒரிஜினலுக்கே அதான் அடையாளம்னு எத்தனையோ தடவை சொல்லியும் நம்பாத அப்பா, காலேஜ்லேர்ந்து நாம காதலிக்கறோம்னு சொன்னா மட்டும் ஒத்துண்டிருப்பாரா?"