விமானத்தில் ஒரு கியர்

செண்பகனூரில் சித்திரக்கதை வரையும் சுரேந்திரனின் வீட்டுக்கு வந்த விஜயராணி, பழைய வார இதழ் ஒன்றை அவர் முன் விரித்தாள். மேகத்துக்குள் விமானம் ஓட்டும் அவருடைய நாயகி, இடது கையால் கியர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"விமானத்துக்கு ஏதுங்க சார் கியரு? ஹாரன் வேற அடிக்கிறா."

சுரேந்திரன் இதழைக் கையில் எடுத்துப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்களும் ஓட்டுறவங்களாம்மா?"

"ஆமாங்க. இன்னைக்குத்தான் மொத நாளு."

அவர் தலைகுனிந்தார். "நான் விமானத்துல ஏறினதே இல்லம்மா. தெரிஞ்சதை வச்சு வரைஞ்சிட்டேன். இந்தக் கதையை இதோட நிறுத்திர்றேன்."

"நிறுத்திராதீங்க சார். நீங்க சரியா வரைஞ்சிருந்தா, பெரிய படிப்புப் படிச்சவங்க சோலின்னு புரட்டிட்டுப் போயிருப்பேன். இந்தக் கியரைப் பாத்துத்தான் நம்மளாலயும் முடியும்னு லைசென்ஸ் எடுத்தேன். அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

வாசலில் கண்டக்டரின் குரல் கேட்டது.

"அக்கா, வெரசா வாங்க. பூம்பாறை போறவுக எல்லாம் பஸ்ஸுக்குள்ளயே காத்துக் கெடக்காக."

சுரேந்திரன் பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"முன் சீட்டுல எனக்கும் ஒரு எடம் வேணும்மா. அடுத்த வாரக் கதைக்கு உங்களைப் பாத்து வரையணும்."