வியாழக்கிழமைத் திவசம்

திரையில் தெரிந்த செய்தி நான்கே வரிகள். சபாரத்தினம் அதை மூன்றாவது முறையாக வாசித்தார்.

"கௌரி, இதிலயும் 'டுடே' எண்டுதான் கிடக்கு."

பக்கத்தில் இருந்த சிவகௌரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். லண்டன் மாலைப் பத்திரிகை. 1957 நவம்பர் 13, புதன்கிழமை. இலங்கை மாணவர் சண்முகராசா இன்று காலை ஓடும் பஸ்ஸில் ஏறப்போய் விழுந்து இறந்தார்.

கணவரின் கையில் இருந்த பழைய நறுக்கு கொழும்பு மாலைப் பத்திரிகையினுடையது. அதிலும் அதே சண்முகராசா, அதே பஸ், அதே 'இன்று'. ஆனால் பின்பக்கத்தில் மாமியார் பென்சிலால் எழுதிவைத்திருந்த பத்திரிகைத் திகதி 14, வியாழக்கிழமை.

ஒரு மனிதர் இரண்டு நாள் இறக்க முடியாது.

இத்தனை வருடமும் சபாரத்தினத்தின் தகப்பனுக்கு அந்த வியாழக்கிழமையை வைத்துத்தான் திதி பார்த்தார்கள். இந்த முறை லண்டன் மனோர் பார்க் முருகன் கோயிலில் திவசத்துக்குக் கேட்டபோது, இறந்தது லண்டனில் என்றால் லண்டன் நேரத்தையும் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ என்றார் ஐயர். அதற்காகத்தான் இந்தப் பத்திரிகை நூலகத்துக்கு வந்தார்கள். நேரம் தேடி வந்த இடத்தில் நாளே மாறிக் கிடந்தது.

சிவகௌரி திரையில் இருந்த திகதியைத் திரும்பவும் பார்த்தாள்.

சபாரத்தினம் பிறந்தது அந்தப் புதன்கிழமை மாலை, யாழ்ப்பாணத்தில். ஆண்பிள்ளை என்று அப்போதே லண்டனுக்குத் தந்தி போனது. மறுநாள் தகப்பன் இறந்துபோனார் என்பதுதான் வீட்டுக் கதை. 'உன்ர தந்தியைக் கண்ட சந்தோசத்திலதான்ரா அப்பா கண்மண் தெரியாமல் ஓடிப்போய்ப் பஸ்ஸில பாய்ஞ்சவர்' என்று மாமியார் சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தாள்.

கலியாணமாகி நாற்பத்தொரு வருடம். அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு பாயசம் வைக்க சிவகௌரியை அவர் விட்டதில்லை.

நூலகத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் மெற்றில்டா இரண்டு செய்திகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொழும்புப் பத்திரிகையின் முழுப் பக்கத்தையும் தேடித் திரைக்குக் கொண்டுவந்தாள். நறுக்கியபோது கத்தரிக்குப் பலியான ஒரு பொடி எழுத்து வரி செய்தியின் தலையில் இருந்தது. லண்டன், புதன்.

"அந்தக் காலத்துப் பேப்பருகளில 'டுடே' எண்டால் பேப்பர் வந்த நாள் இல்லை, அண்ணை. இந்த வரியில இருக்கிற நாள். லண்டனில புதன்கிழமை எழுதி அனுப்பினதை அங்க அடுத்த நாள் அப்பிடியே போட்டிருக்கினம்."

"பேப்பர்க்காரர் பிழை விட்டிருக்க மாட்டினமோ?"

"ரெண்டு ஊர்ப் பேப்பரும் பேசி வைச்சுப் பிழை விடுமோ?" மெற்றில்டா சிரித்தாள்.

சிவகௌரி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, லண்டனில காலமை எண்டால் ஊரில மத்தியானம். நீங்கள் பிறக்க முன்னமே அவர் போயிட்டார். உங்களால இல்லை!"

அவர் தலையாட்டினார். பிறகு மெற்றில்டாவிடம் திரும்பி, அந்த நாளில் யாழ்ப்பாணத்துத் தந்தி லண்டனுக்கு வந்துசேர எத்தனை மணித்தியாலம் எடுத்திருக்கும் என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. ஏன் கேட்கிறார் என்று சிவகௌரிக்கும் விளங்கவில்லை. பிள்ளை பிறக்க முன்னம் எப்படித் தந்தி வரும்?

அறுபத்தெட்டு வயதில் ஒரு பழி நீங்கினால் மனிதருடைய முகம் இப்படியா இருக்கும்? அவர் லண்டன் பத்திரிகையில் இருந்த 'இன்று காலை' என்ற சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரதி எடுத்துத் தரட்டுமா என்று மெற்றில்டா கேட்டபோது வேண்டாம் என்றார்.

வெளியே வந்து, வாசல் படியில் நின்று ஐயருக்கு போன் எடுத்தார்.

"ஓம் ஐயா, பாத்திட்டன். வியாழக்கிழமைதான். வழமை போலவே வையுங்கோ."

சிவகௌரி திகைத்துப்போனாள். "உங்களுக்கென்ன விசரே? இவ்வளவு காலமும் சுமந்தது போதாதோ?"

சபாரத்தினம் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"பழி கிடந்திட்டுப் போகட்டும், கௌரி. புதன்கிழமை எண்டால், நான் பிறந்ததே அப்பாவுக்குத் தெரியாது."